அத்தான் பெயரில் இருந்த பிள்ளையார் தோட்டம்

கோயில் தென்னந்தோட்டத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம் என் அத்தான் தங்கத்துரை வேலியடியில் நின்று, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுவார். சுவாமியின் மண் வீட்டுக்கு வரக்கூடாதாம். அக்கா கோணேஸ்வரியைக் கட்டி எங்கள் கடற்கரை ஊரான சல்லிக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான்.

அவர் எங்கள் சிறிய பிள்ளையார் கோயிலின் வண்ணக்கர். கோயில் பொறுப்பு முழுவதும் அவர் கையில். கரைவலை இழுக்கும்போதெல்லாம் மீனில் ஒரு பங்கு பிள்ளையாருக்கு. அந்தப் பங்குகளைச் சேர்த்துத்தான் 1953இல் ஊரார் தோட்டத்தை வாங்கினார்கள். வழக்கப்படி, காணி எழுதும் நொத்தாரிஸ் உறுதிப் பத்திரத்தை வண்ணக்கரான அத்தான் பெயரில் எழுதினார். கோயிலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

பிறகு அத்தான் புது வலைக்காகப் பட்டினத்துக் கடைக்காரர் பாக்கியரத்தினத்திடம் கடன் எடுத்தார். அக்காவும் பிணையாகக் கையெழுத்து வைத்தாள். அறுபத்திநாலாம் ஆண்டுப் புயல் வலையைக் கொண்டுபோனது. கடைக்காரர் வழக்கு வைத்து வென்று, கோட்டுக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் கந்தோர் ஆளோடு தோட்டத்தைப் பறிமுதல் செய்ய வந்தார்.

"முதலாளி, இது கோயில் காணி."

"உறுதியில உன்ர பேர்தானே கிடக்கு?"

"பிள்ளையார் வந்து கையெழுத்து வைப்பாரே?"

"கடன் கேட்டு வந்து இதே உறுதியைக் காட்டேக்க, பிள்ளையாரைப் பற்றி ஒரு கதையும் இல்லையே."

கோயில் காணியை ஈடு வைத்தால்தான் பாவம், உறுதியைக் காட்டுவதில் என்ன என்று அத்தான் நினைத்திருக்கிறார்.

ஊரார் தோட்டத்தை மீட்க மனுப் போட்டார்கள். சாட்சிக்குப் போகும் காலையில் அக்கா குசினி வாசலில் என்னையும் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்: "பேசாமல் இருங்கோ. தோட்டம் போனால் வீடு தப்பும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நான் எங்க போறது?"

அவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

கூண்டில், தோட்டம் சுவாமியுடையது என்றார். கடைக்காரருக்காக வாதாடிய அப்புக்காத்து எழும்பினார்.

"கடன் வாங்கும்போது இந்த உறுதியைக் காட்டினீரா?"

"ஓம், காட்டினனான்."

"உம்முடைய காணி என்றுதானே அவர் நம்பினார்?"

"ஓம். நம்பட்டும் எண்டு விட்டனான்."

மீன் பங்கைப் பற்றிப் கரைவலைச் சொந்தக்காரரான பழைய சம்மாட்டிமார் சாட்சி சொன்னார்கள். கோயிலுக்காக ஒருவர் தன் பெயரில் வைத்திருக்கும் சொத்தை அவருடைய சொந்தக் கடனுக்கு எடுக்க ஏலாது என்று நீதிபதி தோட்டத்தை விடுவித்தார். அடுத்த வெள்ளி ஊர்க்கூட்டம் அத்தானிடமிருந்து கோயில் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டது. அதற்கடுத்த மாதம் அதே கடனுக்காக அக்காவின் சீதன வீடு ஏலத்தில் போனது. கடைக்காரரே எடுத்தார்.

இது நடந்து பன்னிரண்டு வருடம். தோட்டம் கோயிலிடம் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் நிலாவெளியில் ஓலைக் கொட்டிலில் இருக்கிறோம். அத்தான் சல்லிப் பக்கம் போவதில்லை. அக்கா அவரோடு கதைப்பதில்லை.