அழுமூஞ்சியின் நாற்காலி

ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவருக்கு அழுமூஞ்சி என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. போனில் யாராவது குரல் தழுதழுத்தால் போதும், இவருக்குக் கண்ணில் குழாய் திறந்துகொள்ளும். ஐம்பதை நெருங்கும் ஆம்பிளை, காதில் ஹெட்போன், கையில் கர்ச்சீப்! கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

புதிதாக வந்த மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது ஆபீஸா, எழவு வீடா? நாளைக்கு உங்க பக்கத்துலயே உக்காரப் போறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சுன்னா, சீட்டைக் காலி பண்ணிட்டுக் குடோனுக்குப் போயிடுங்க."

குடோனில் பேச்சுத்துணைக்கு அட்டைப்பெட்டிகள்தான். இத்தனை வருஷமாக 'இந்த வேலைக்கு ஒரு கும்பிடு' என்று தினமும் வீட்டில் புலம்பியவரும் இவர்தான். பிடுங்கப் போகிறார்கள் என்றதும் அந்த ஆட்டம் கண்ட நாற்காலி சிம்மாசனமாகிவிட்டது. என்ன வெட்கங்கெட்ட மனசு!

மச்சினன் ஒரு வழி சொன்னான். "அழுகை வந்தா என் மூஞ்சிய நினைச்சுக்கோங்க மாமா. கோபம் வந்துடும்."

மறுநாள் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். முதல் அழைப்பே வயதான ஓர் அம்மாள். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, உள்ளே வீட்டுக்காரரின் இன்சுலின் மருந்து. இவர் கை கர்ச்சீப்பைத் தேடியது. மச்சினனை நினைத்தார். பலித்தது.

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. மூன்று நாட்களில் ஆள் வருவார்" என்று மரக்கட்டை மாதிரி ஒப்பித்தார். மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த அம்மாள் போனை வைப்பதாக இல்லை.

"தம்பி, அங்க ஒருத்தர் அழுவாரே, அவர் இல்லையா? போன தடவை அழுதுகிட்டே மெக்கானிக்கை நச்சரிச்சு அன்னைக்கே அனுப்பி வச்சாரு. அவர்கிட்ட கொஞ்சம் குடுப்பா."

மச்சினன் முகம் போன இடம் தெரியவில்லை.

"நான்தாம்மா அது" என்றார். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டியது. மூக்கைச் சிந்திக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, கெஞ்சி, மிரட்டி, மறுபடி கெஞ்சி, ஆளைக் கிளப்பிவிட்டார். பிறகு சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"குடோன் சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"உக்காருங்கய்யா!" மேனேஜர் எரிந்து விழுந்தார். "அந்தம்மா மறுபடி கூப்பிட்டா நானா அழ முடியும்?"

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "இந்த வேலைக்கு ஒரு கும்பிடு!" என்று ஆரம்பித்தார். காலையிலிருந்து பதறிக்கொண்டிருந்த மனைவிக்கு அதைக் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது.