எடைக்கு முன்னால் கூடை

பவானியின் அப்பா ரகுபதி விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். திருவொற்றியூர் குப்பத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் பவானி. என் வீட்டில் நான். ராயபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மேலாளர் எதைச் சொன்னாலும் எனக்கு 'சரி சார்'தான் வாயில் வரும். அவளுக்கு 'ஏன் சார்?'

காசிமேட்டு மீன் ஏலத்துக்காக ஒரு செயலி செய்தோம். ஏலம் கூவும் கோவிந்தம்மா முதல் நாளே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரையில் முதல் கட்டம் எடையைக் கேட்டது. அதை நிரப்பாமல் அடுத்ததற்குப் போகமுடியாது. அங்கே மீன் கூடைக் கணக்கில்தான் ஏலம் போகும். எடை பார்ப்பது வாங்கினவர் பாடு.

"இன்னாமே இது? நான் கூவிக்கினு கீறேன், அது தராசு எங்கன்னு கேக்குது!"

எடைக் கட்டத்தைப் பின்னால் தள்ளலாமா என்று பவானி கேட்டபோது மேலாளர் லியோனார்ட் மசியவில்லை. திரையும் கணக்கும் ஒரே நிரலில் பின்னிக் கிடந்தன.

"ஒரு கட்டத்தை நகர்த்தணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். மாசம் ஆகும். அவங்களைப் பழகிக்கச் சொல்லு."

"அவங்க ஏன் சார் பழகணும்?"

"கணக்கு உடைஞ்சா உன் வேலை போயிடும், பாத்துக்க."

அன்றே அவள் பிரிக்க ஆரம்பித்தாள். எந்தக் கட்டம் முதலில், எந்தப் பொத்தான் எங்கே, எவ்வளவு பெரிதாக என்பதெல்லாம் தனி ஃபைலுக்குப் போயின. கணக்குப் போடும் நிரலை அவள் தொடவில்லை. கூடை, விலை, வாங்கியவர் பெயர் வந்தால் அதற்குப் போதும். எடைக்காக அடம்பிடித்தது திரை மட்டும்தான்.

நான் என் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவள் படித்ததைத்தானே நானும் படித்தேன்? எனக்குப் படிப்பு கொடுத்தது வேலையையா, அது போய்விடுமோ என்ற பயத்தையா?

அவள் பிரித்து முடித்த மறுநாள் காலை ஏலத்துக்கு அவளோடு போனேன். ஐஸ் பெட்டிமேல் லேப்டாப். கோவிந்தம்மா கையில் போன்.

"பட்டன் துக்கடாவா கீது. கையெல்லாம் செதிலுமே."

பவானி ஃபைலில் ஓர் எண்ணை மாற்றினாள். போனில் பொத்தான் பெரிதானது. அதுவரை போன ஏலக் கணக்கு அப்படியே இருந்தது.

லியோனார்ட் வந்து சேர்ந்தார். "யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"உங்களைத்தான் கேட்டேன். மாசம் ஆகும்னீங்க."

"பழையபடி மாத்து."

"கணக்குல தப்பு இருந்தா காட்டுங்க சார், நானே போயிடறேன். இல்லைன்னா மாத்தமாட்டேன்."

அவர் போனை வாங்கி ஏலக் கணக்கை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"சார், பாத்தது போதும், குடு. வஞ்சிரம் எறங்கிக்கினு கீது," என்று போனைப் பிடுங்கிக்கொண்டார் கோவிந்தம்மா.

லியோனார்ட் என் பக்கம் திரும்பினார். "நீயாவது அவளுக்குச் சொல்லக் கூடாதா? பழையபடி மாத்தச் சொல்லு."

'சரி சார்' நாக்கு நுனிவரை வந்தது.

"ஏன் சார்?" என்றேன்.