மேம்பாலத்தில் ஒரு புள்ளி

வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் நர்ஸ், நடுவில் பிறந்தவன் எலெக்ட்ரீஷியன். இவர்கள் இருவரைப் பற்றியும் யாராவது விசாரித்தால் அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். கடைக்குட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் இழுப்பாள். "அவ வந்து... யுனிவர்சிட்டியில புவியியல் படிக்கிறா." கேட்டவர் "அப்படியா?" என்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அத்தைக்கு அந்த நாகரிகம்கூடக் கிடையாது. "பூகோளம் படிச்சு என்னடி பண்ணப் போற? உலகம் உருண்டையா இருக்கான்னு வருஷா வருஷம் போய்ப் பாத்துட்டு வருவியா?" என்று கேட்டுவிட்டு, சொன்ன ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் 'பூகோளம்' என்ற பெயர். சொந்த அண்ணனே அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தான்.

அவளும் ஏதோ லட்சியத்தோடு போய்ச் சேர்ந்தவள் அல்ல. கேட்ட பாடம் கிடைக்கவில்லை, இது கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் முதல் வருஷமே வசமாக மாட்டிக்கொண்டாள். ஒரு நாள் வகுப்பையே ஓர் ஓடைக்குக் கூட்டிப்போனார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, அரை மீட்டருக்கு ஒரு தரம் குச்சியை ஊன்றி ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். செருப்பு ஒன்று அடித்துக்கொண்டு போனதுதான் மிச்சம் என்று நினைத்தாள். மத்தியானம் வகுப்பறையில் உட்கார்ந்து அந்த எண்களை வரைபடத்தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தபோது, கலங்கல் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்கே படாத தரை, மேடும் பள்ளமுமாகக் காகிதத்தில் வந்து நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளுக்குத் தெளியவே இல்லை.

படிப்பு முடிந்ததும் வகுப்பு ஆளுக்கொரு திசையாகச் சிதறியது. ஒருத்தி வானிலை அலுவலகத்துக்குப் போனாள். வகுப்பில் தூங்கி வழிந்தவன் ஒருவனை இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டது, எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும் என்று அவன் கணக்குப் போட வேண்டுமாம். இன்னொருவன் சூப்பர்மார்க்கெட்காரர்களுக்கு அடுத்த கடையை எந்த முனையில் திறக்கலாம் என்று சொல்கிற வேலையில் உட்கார்ந்தான். இரண்டு பேர் டீச்சர் ஆனார்கள். பூகோளம் மட்டும் பதினாலு மாதம் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அதுவும் பூகோளம்தானே" என்றாள் அத்தை.

பதினைந்தாவது மாதம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை கிடைத்தது. ஆறு மாத ஒப்பந்தம். அவள் வேலை அவர்களுக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் மறுபடியும் பார்சல். அறையின் பொறுப்பாளர் எழுதும் ரிப்போர்ட்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அவர் குரலை உயர்த்தியே பேச மாட்டார், அதனாலேயே எல்லோரும் அவருக்குப் பயந்தார்கள்.

அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வரவிருந்தது. யாராவது போன் செய்தால், எந்த வண்டி எந்த வழியாகப் போனால் சீக்கிரம் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சாலை என்பது வெறும் கோடு. இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தால், அங்கே வண்டி திரும்பலாம் என்று எடுத்துக்கொள்ளும். தரையில் இருக்கும் முச்சந்திக்கும் நாற்சந்திக்கும் அது சரி. மேம்பாலத்துக்கு? மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் புள்ளி இருந்தால், பாலத்தின் நட்டநடுவில் இடதுபக்கம் திரும்பு என்று டிரைவருக்குச் சொல்லிவிடும். அப்படிப்பட்ட புள்ளிகளைப் பொறுக்கி எடுப்பதுதான் அவள் வேலை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சந்திப்புகள். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். புதன்கிழமை சாயங்காலம் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டாள். திங்கட்கிழமை புது ஏற்பாட்டின் தொடக்கம்.

வியாழக்கிழமை காலையில் வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் சுற்றுவழியில் போனது. ஒரு மேம்பாலத்தில் ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் சும்மா கீழே பார்த்தாள். பாலத்துக்கு அடியில் ஒரு தெரு, முனையில் டயர் கடை, பலகையில் தெருவின் பெயர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தெருவுக்கு இந்தச் சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பலாம் என்று நேற்று கையெழுத்துப் போட்டது அவள்தான்.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்த் திறந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, புள்ளி இருந்தது. அவள் நம்பி வைத்துக்கொண்ட படம் மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. அப்போது அங்கே பாலமே இல்லை, சாதாரண நாற்சந்திதான். படத்தைப் பார்த்தாளே தவிர, அது எப்போது எடுத்தது என்று பார்க்கவில்லை. புவியியல் படித்தவளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது அது.

பொறுப்பாளரிடம் போய் நின்றாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளிய எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்துட்டேன் சார்."

"அப்ப விடு. திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாம்."

"சார், அது ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாது. இந்த மூணு வருஷத்துல ரோட்டு வேலை நடந்த இடம் இருபத்திமூணு இருக்கு. நேர்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும். ஒரு வாரம் ஆகும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மேலிடத்துலருந்து ஆளுங்க வர்றாங்கம்மா. தள்ளிப்போடணும்னா யாரால தள்ளிப்போச்சுன்னு கேப்பாங்க. நான் உன் பேரத்தான் சொல்லியாகணும். ரிப்போர்ட்லயும் எழுதியாகணும். நல்லா யோசிச்சுட்டு நாளைக்குக் காலையில சொல்லு."

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை வேறு, அவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அதற்குள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தெரிஞ்ச ஒண்ணத்தான் சரி பண்ணிட்டியே, அப்புறம் எதுக்கு வலியப் போய் மாட்டிக்கற?" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. வேறு இடங்களில் ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன செய்வது? வேலையும் போய், பெயரும் கெட்டு நிற்க வேண்டியதுதான்.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவசரப் பிரிவில் ஆறு வருஷமாக இருக்கிறவள்.

"அக்கா, அந்தப் பாலத்துல வண்டி தப்பா ஏறிட்டா, அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி வர பதினோரு நிமிஷம் ஆகும். பதினோரு நிமிஷம்னா ரொம்பவா?"

அக்கா குழாயை மூடினாள். "யாருக்குன்னு சொல்லு. கால் உடைஞ்சவனுக்கா, மூச்சு நின்னவனுக்கா?"

கேட்டுவிட்டு, குழாயைத் திறந்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பூகோளம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். 'படத்தின் தேதியைப் பார்க்காதது என் தவறு. இருபத்து மூன்று இடங்களையும் நேரில் பார்க்கும் வரை தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.' பூசி மெழுகாமல் எழுத வேண்டும் என்று நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதியது. பொறுப்பாளர் இரண்டு தரம் படித்தார். போனை எடுத்து மேலிடத்துக்குப் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த திட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் காதிலும் விழுந்தது.

திங்கட்கிழமை தொடக்கம் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவரோடு ஊர் சுற்றினாள். அவர் இருபது வருஷம் வண்டி ஓட்டியவர், வாயும் வண்டியும் நிற்காது. டயர் கடைக்கு மேலே பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். "இங்க இடதுபக்கம் திரும்பணுமாம்மா? தாராளமா திரும்பலாம். ஆனா அப்புறம் நமக்கே ஒரு ஆம்புலன்ஸ் கூப்பிடணும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு நிமிஷக் கணக்கைச் சொன்னதற்கு, "அது உன் கம்ப்யூட்டர் கணக்கு. காலையில எட்டரை மணிக்கு வந்து பாரு, இருபதுக்குக் குறையாது" என்றார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

முதல் நாள் ஒன்பது இடம், ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் எட்டு, அங்கேயும் ஒன்றும் இல்லை. வீணாகத் தலையைக் கொடுத்துவிட்டோமோ என்று அன்று பஸ்ஸில் உட்கார்ந்து அவளுக்கு அழுகையே வந்தது. மூன்றாம் நாள் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. கம்ப்யூட்டரில் நேராகப் போகிற சாலை, தரையில் போனால் ஆட்கள் நடந்துபோகிற சுரங்கப்பாதை, உள்ளே நுழைய நாற்பது படி. டிரைவர் படிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இந்தத் தடவை ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அன்று மாலைக்குள் இன்னொரு மேம்பாலமும் அகப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை எல்லாம் தொடங்கியது. வண்டிகள் போக வேண்டிய வழியில் போயின. அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை, கைதட்டவும் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பொறுப்பாளர் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். நிரந்தர வேலைக்கான ஆர்டர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சார், ரிப்போர்ட்ல அந்தத் தப்ப எழுதலையா?"

"எழுதினேனே. நீ எழுதிக் கொடுத்த தாளையே சேத்து வெச்சு அனுப்பினேன்."

"அப்புறம் எப்படி சார்?"

"இந்த நிரந்தர வேலைக்கு இங்க ஒப்பந்தத்துல இருக்கிற இன்னும் மூணு பேர் கேட்டிருந்தாங்க. மூணு பேர் ரிப்போர்ட்லயும் ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணினா அவங்க வந்து சொல்லுவாங்களா மாட்டாங்களான்னு மேல யாருக்கும் தெரியல. உன்னப் பத்தி மட்டும்தான் தெரிஞ்சுது."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்த மனிதரின் முன்னாலேயே நின்று அழுதாள். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"அஞ்சு நிமிஷம் அழுதுக்கோ" என்றார். "அப்புறம் கிளம்பு. வடக்குப் பக்கம் புதுசா ஒரு பாலம் திறந்திருக்காங்களாம், டிரைவர் கீழ வண்டியோட நிக்கிறாரு."