இசைவிழாவின் மூன்றாவது நாள்

என் தம்பி மொன்றியலுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். அங்கே சமையல்காரராக இருந்த ஹெயிட்டி நாட்டு மனிதர் அடுப்புக்கு மேலே ஒரு சின்ன ரேடியோ கசெட் வைத்திருந்தாராம். அதில் காலை முதல் இரவு வரை அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டுத்தான். தம்பிக்கு அப்போது பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. "சொல்லு விளங்காட்டிலும் அவை எதுக்கு அழுகினம் எண்டு விளங்கும் அக்கா" என்று ஒருநாள் சொன்னான். எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் கேட்டது. அவன் முதல் சம்பளத்தில் வாங்கியது குளிர்ச் சட்டை அல்ல, நாலு கசெட். அதற்காக நான் அவனை ஏசினேன்.

நான் அவனுக்கு எட்டு வயது மூத்தவள். ஸ்பொன்சர் செய்து அவனை இங்கே கூப்பிட்டவளும் நான்தான். பிறகு அவனுக்குச் சென்ட் லோரன்டில் இரும்புத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இருபது வருடத்துக்கு மேல் அங்கேயேதான். லொங்குய்யில் ஒரு நிலக்கீழ் வீட்டில் தனியாக இருந்தான். நாற்பத்தாறு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. எங்கே போனாலும் யாராவது அதைக் கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் பிழை என்னுடையது போல எனக்கு முகம் சுருங்கும்.

பழைய துறைமுகப் பக்கம் ஒவ்வொரு கோடையிலும் சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைவிழா ஒன்று நடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும். வருடா வருடம் அவன் என்னைக் கூப்பிடுவான். "அடுத்த வருஷம் பாப்பம்" என்பேன். போன வருடம் அவன் கேட்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் போன் எடுத்து, "ரெண்டு பேருக்கும் மூண்டு நாள் பாஸ் எடுத்திட்டன். வேலைக்கு லீவு சொல்லி வையுங்கோ" என்றான்.

நான் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவிட்டு அப்படியே மெட்ரோவில் போனேன். கைப்பையில் ரொட்டியும் சம்பலும், ஒரு கம்பளிச் சட்டை, காதில் வைக்கப் பஞ்சு. வாசலில் பையைத் திறந்து பார்த்த பெண் சம்பல் டப்பாவை மணந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டாள்.

நான் நினைத்தது போல இளம் பொடியள் குதிக்கிற இடமாக அது இல்லை. என் வயதுக்காரர்கள், என்னை விட மூத்தவர்கள், மடிக்கிற கதிரைகளோடு வந்து ஆற்றுப் பக்கம் பார்த்துக் குந்தியிருந்தார்கள். ஒரு கிழவர் ஊன்றிவந்த பொல்லை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஆடினார். நானும் கை தட்டினேன். பஜனையில் தட்டிப் பழகின கை. பக்கத்தில் இருந்தவர்களோடு சேரவே இல்லை.

"கொஞ்சம் பிந்தித் தட்டுங்கோ அக்கா" என்று தம்பி சிரித்தான். "தாளம் விழேக்க விடுங்கோ. விழுந்தாப் பிறகு தட்டுங்கோ."

எனக்குப் பிடிபட ஒரு மணித்தியாலம் எடுத்தது. பிடிபட்ட பிறகு கையை நிறுத்த மனம் வரவில்லை. ஆனால் ஒன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் மேடையின் வலப்பக்கத்தில், பெரிய ஸ்பீக்கருக்கு முன்னாலேயே போய் நின்றான். அதிலும் நேராகப் பார்க்காமல், தலையை ஒரு பக்கமாகத் திருப்பி. நான் பஞ்சை நீட்டினேன். வேண்டாம் என்றான். "காது போகப் போகுது" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மழை. எல்லோரும் பொலித்தீன் மழைச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. ட்ரம்பெட் ஊதிய பெண் மழையில் நனைந்துகொண்டே மேடை விளிம்புக்கு வந்து ஊதினாள். என் கணவர் இறந்து ஆறு வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இதை இருபது வருஷத்துக்கு முந்தியே காட்டியிருக்க வேணும்" என்றான். "நீ கூப்பிட்டனி, நான்தான் வரேல்ல" என்றேன். அதை ஒப்புக்கொள்வது அந்த நேரத்தில் லேசாக இருந்தது.

சாப்பாட்டு வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது எனக்குப் போன் வந்தது. மகளின் மாமியார். மகளும் மருமகனும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை குடிபூரல் வைத்திருந்தார்கள். காலையில் போய்ப் பால் காய்ச்சி, எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு நானும் தம்பியும் விழாவுக்குப் புறப்படுவதாக முன்னமே பேச்சு. சம்பந்தி இப்போது வேறொரு செய்தி சொன்னார். அவருக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண் இருக்கிறா, நாற்பத்தொரு வயது, மருந்துக்கடையில் வேலை. அண்ணனோடு மூன்று மணிக்கு வருவார்கள். தம்பியைப் பார்க்க வேண்டுமாம்.

நான் தம்பியிடம் சொன்னேன். அவன் கையில் இருந்த கோப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்குத்தான் அவ பாடுறா அக்கா. அவவுக்காகத்தான் மூண்டு நாளும் எடுத்தனான்."

அவன் சொன்ன பாடகியை எனக்கு அவன் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் தெரியும். எண்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். இதோடு பயணம் செய்து பாடுவதை நிறுத்துகிறா என்று அறிவித்திருந்தார்களாம். ஆறு மணிக்கு மேடை.

"அவை மூண்டு மணிக்கு வருவினம். நாலு மணிக்கு வெளிக்கிட்டாலும் போய்ச் சேரலாம்தானே" என்றேன்.

"எங்கட ஆக்கள் மூண்டு மணிக்கு வருவினமோ?"

"வராட்டி என்ன? பாட்டு எங்க ஓடப் போகுது? போனில கேக்கலாம். அடுத்த வருஷம் வேற ஆள் வரும்."

"அடுத்த வருஷம் எனக்குச் சரிவராது" என்றான்.

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு சொல். மழை பெய்துகொண்டிருந்தது, பின்னால் நின்றவர்கள் எங்களை முன்னே போகச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, இன்றைக்கும் மறக்க முடியாத ஒரு வசனத்தைச் சொன்னேன்.

"நான் கூப்பிட்டபடியால்தான் நீ இந்த நாட்டில நிக்கிறாய். எனக்காக ஒரு பின்னேரம் தர ஏலாதோ?"

அவன் ஆறின கோப்பியைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டான். பிறகு, "சரி அக்கா, நிக்கிறன்" என்றான்.

மறுநாள் புது வீட்டில் பெயின்ட் மணமும் சாம்பிராணியும் கலந்திருந்தது. நாற்பது ஐம்பது பேர். நிலக்கீழ் அறையில் ஆண்கள், குசினியில் பெண்கள், படிக்கட்டில் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு மேலும் கீழும் ஓடினார்கள். மூன்று மணிக்கு ஒருவரும் வரவில்லை. நாலரைக்குத் தம்பி சப்பாத்து வைக்கிற இடத்துக்கு வந்தான். கையில் கார்த் திறப்பு. நான் குசினி வாசலில் நின்று கண்ணால் வேண்டாம் என்றேன். அவன் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர்கள் ஐந்தரைக்கு வந்தார்கள். பெண் அமைதியாக, வடிவாக இருந்தா. அவ, அண்ணன், சம்பந்தி, நான், தம்பி என்று எல்லோரும் முன் அறையில் இருந்தோம். பக்கத்து அறையில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். அண்ணன்காரர் வேலை பற்றிக் கேட்டார். தம்பி ஒழுங்காகப் பதில் சொன்னான். பிறகு அந்தப் பெண் மெல்லிய குரலில், "நீங்கள் தனிய இருக்கிறீங்கள். சமைப்பீங்களோ?" என்றா.

"ஓம், லொங்குய்யில" என்றான் தம்பி.

சம்பந்தி சிரித்தார். அண்ணன்காரரும் சிரித்தார். "லொங்குய்யில மட்டும்தான் சமைப்பாராம்" என்று யாரோ பகிடி விட, பக்கத்து அறைக்கும் சிரிப்புப் போனது. தம்பியும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். எனக்கு அவமானமாக இருந்தது. மனம் இங்கே இல்லை, பாட்டுக்காரியிடம் நிற்கிறான், வேண்டுமென்றே செய்கிறான் என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு என் பின்னால் குசினிக்கு வந்தா.

"குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றா. "உங்கட தம்பிக்குக் கேக்கிறது குறைவு போல. நான் கதைக்கேக்க என்ர வாயைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். மருந்துக்கடைக்கு வாற ஆக்களில கனபேரைப் பாத்திருக்கிறன்."

நான் கோப்பைகளை வாங்கித் தொட்டிக்குள் வைத்தேன். அரை மணித்தியாலம் கூட முன்னால் இராத ஒருத்திக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வீடு திரும்பப் புறப்பட்டோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்து இருக்கையில். "தம்பி, உனக்குக் காதில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டேன். அவன் வீதியைப் பார்த்தபடி ஓட்டினான். திரும்பவும் கேட்டேன். பதில் இல்லை. ஓரிரு வருடமாக அவன் காரில் அப்படித்தான் வருவான். நான் கதைப்பேன், அவன் பேசாமல் இருப்பான். குணம் என்று விட்டுவிட்டேன். அவனுடைய வலப்பக்கத்தில் இருந்துகொண்டுதான் அத்தனை கதையும் கதைத்திருக்கிறேன்.

கையைத் தொட்டு, நிறுத்து என்று காட்டினேன். ஒரு தெப்பனேருக்கு முன்னால், மூலைக்கடை வாசலில், நிறுத்தினான். நான் இறங்கிக் காரைச் சுற்றிப் போய் அவனுடைய இடப்பக்கக் கண்ணாடி அருகே நின்று அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஆர் சொன்னது?" என்றான்.

"எப்ப தொடக்கம்?"

"வலது பக்கம் போய் ரெண்டு வருஷம். இடது பக்கம் போன மாரிக்குளிரோட குறையுது. தகடு அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில நிண்டது. அந்த நாளையில ஒருத்தரும் காதுக்கு ஒண்டும் போடுறேல்ல."

"டாக்குத்தர் என்னவாம்?"

"கெதியா காதுக்கு மிஷின் பூட்ட வேண்டி வருமாம். ஆக்கள் கதைக்கிறது கேக்குமாம். பாட்டு முந்தி மாதிரிக் கேளாதாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். "சொல்லியிருந்தா நீங்கள் மூண்டு நாளும் என்ர மூஞ்சையைப் பாத்து அழுதுகொண்டு நிண்டிருப்பியள். சந்தோஷமா ஒருக்கா ரெண்டு பேரும் கேப்பம் எண்டு நினைச்சன்."

"போவம்" என்றேன். "இப்பவே போவம்."

"அவ முடிச்சிருப்பா."

"பரவாயில்ல, போவம்."

போனோம். வாகனம் விட இடம் தேடி, பாஸாகத் தந்த கைப்பட்டியைக் காட்டி உள்ளே போனபோது சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. கதிரைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டை ஆளுக்கு ஆள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் அழுத முகத்தோடு சிரித்தபடி எங்களைக் கடந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. மேடையில் இரண்டு பேர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான், அது முடியும் வரை. நான் அவனுடைய இடப்பக்கத்தில் நின்றேன்.

இலையுதிர் காலத்தில் அவனுக்கு இரண்டு காதுக்கும் மிஷின் பூட்டினார்கள். டாக்குத்தர் சொன்னபடியேதான். நான் கதைப்பது கேட்கிறது. பாட்டு, தகரத்தில் ஆணி உருட்டுவது போல இருக்கிறதாம். பெண் வீட்டாரிடமிருந்து சம்பந்தி மூலம் பதில் வந்தது. அவவுக்குச் சம்மதமாம், அண்ணனுக்கு விருப்பமில்லையாம். அதைத் தம்பியிடம் சொன்னபோது, "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னான்.

யாரோ போனில் பிடித்த அந்தக் கச்சேரியின் வீடியோவை மகள் தேடி எனக்கு அனுப்பினாள். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்த அம்மா ஒரு கதிரையில் இருந்துகொண்டு பாடினா. ஓரிடத்தில் குரல் உடைந்து, அதை மறைக்காமல், உடைந்த குரலாலேயே வரியை முடித்தா. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தம்பி இவ்வளவு காலமும் எனக்குச் சொல்ல முயன்றது என்னவென்று அன்றைக்கு விளங்கியது. வீடியோவை அவனிடம் காட்டவில்லை. காட்டுவது உதவியா கொடுமையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கறி காய்ச்சிக்கொண்டு லொங்குய்க்குப் போனேன். அவன் குசினியில் எனக்கு முதுகு காட்டியபடி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுகம் என்று நினைத்துச் சொன்னேன். அன்றைக்கு மழைக்குள் அப்படிச் சொன்னது பிழை என்று, உன்னை இங்கே கூப்பிட்டதைக் கடனாக நான் நினைத்ததே இல்லை என்று, மன்னித்துக்கொள் என்று. அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். அப்போதுதான் மேசையில் ஒரு சின்னப் பெட்டியைக் கண்டேன். அதற்குள் இரண்டு மிஷினும் இருந்தன. வீட்டில் தனியாக இருக்கும்போது கழற்றி வைத்துவிடுவானாம்.

அவன் வெங்காயத்தோடு திரும்பி, என் கலங்கின கண்களைப் பார்த்து, "என்ன அக்கா?" என்றான்.

"வெங்காயம்" என்றேன்.

இந்த வருட விழாவுக்கான விளம்பரங்களை மெட்ரோவில் ஒட்டிவிட்டார்கள். அவனும் அந்தப் பாதையால்தான் வேலைக்குப் போகிறான், கண்டிருப்பான். அவன் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. சொல்ல வேண்டியதை அவன் முகத்துக்கு நேரே நின்று சொல்ல எனக்கும் இன்னும் வாய் வரவில்லை.