தகடு இல்லாத முறுக்கு உரல்

ஆட்டுக்குடலைப் புரட்டிப் போட்டு மஞ்சளும் உப்பும் தேய்த்து எத்தனை தடவை கழுவினாலும் வாடை விரலை விட்டுப் போகாது. குற்றாலச் சாரல் அடிக்கிற நாளில் வீடு முழுக்க நிற்கும். அதற்குள் கைமாவும் அரிசியும் திணித்து வேகவைப்பதைத் தென்காசியில் எங்கள் வீட்டில் "அடைச்ச குடல்" என்போம். சவூதியில் சமையல் வேலை பார்த்த வாப்பா அங்கே பழகிய தீனி அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வந்ததும் அதைத்தான் கேட்பார். எதை வைத்து அடைப்பது என்று மட்டும் சொல்லமாட்டார்.

உம்மா புனலை வைத்து அகப்பைக் காம்பால் குத்தினாள், குடல் கிழிந்தது. எண்ணெய் பாட்டிலின் கழுத்தை அறுத்து அதில் குடலை மாட்டிக் கட்டைவிரலால் தள்ளினாள்; விரல் கிழிந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக் கோமதி அத்தையிடம் போய், ஓட்டை போட்ட தகடு வேண்டாம், உரல் மட்டும் போதும் என்று அவளுடைய பித்தளை முறுக்கு உரலை வாங்கி வந்தாள். அடியில் பாட்டில் கழுத்தைப் பொருத்தி அமுக்கினாள். கைமா கயிறு மாதிரி ஓடியது. வாப்பா வயிறாரத் தின்றார்.

அத்தை வீட்டில் முட்டைகூடப் புழங்காது. உம்மாவுக்கு அது தெரியும். "கழுவுனா போச்சு. அவகிட்ட சொல்லி எதுக்கு மனச நோகடிக்கணும்?" என்று புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டாள்.

வாப்பா இல்லாத நாளெல்லாம் உம்மாவுக்கு இருந்த ஒரே ஆள் அத்தைதான். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்.

தீபாவளிக்கு அவள் அந்த உரலைப் பக்கத்தில் வைத்து முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது எனக்கு, வாய் சும்மா இருக்கவில்லை. "இதுலதான் எங்க உம்மா குடல் அடைச்சா" என்று பெருமையாகச் சொன்னேன்.

அத்தை கத்தவில்லை. மாவை அப்படியே விட்டுவிட்டு உரலைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். "கேட்டிருந்தா புதுசே ஒண்ணு வாங்கித் தந்திருப்பேன், ஜைனம்பு. கேக்காம செஞ்சிட்டியே, ஏட்டி. இத நீயே வச்சுக்கோ."

அடுத்த வருஷம் உம்மா மஞ்சள்காமாலையில் கிடந்தாள். பக்கத்துக் கதவை மூன்று தடவை தட்டினேன். திறக்கவில்லை. ஒன்பது வயதில் நான்தான் கஞ்சி வைத்தேன், அடிப்பிடித்த கஞ்சி. வாப்பா சவூதியில் இருந்தார்.

யார் மேல் கோபம் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். தின்றவர் மேல், கேட்காமல் எடுத்தவள் மேல், திறக்காதவள் மேல், என் வாய் மேல்.

இன்று உம்மா இல்லை, அத்தையும் இல்லை. அவள் வீட்டை இடித்து, குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். உரல் என் பரணில் கிடக்கிறது. அதன் தகடுகள் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தன. இடித்தபோது எங்கே போயினவோ. அதில் முறுக்கும் பிழிய முடியாது. குடல் அடைக்க எனக்கு மனமில்லை.