என்னைத் தூக்கிக்கொண்டு போனவள்

ஈப்போவில் நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுவது வழக்கம். சென்ற வருடம் ஒருநாள் பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். எங்கோ ஒரு குழந்தை காணாமல் போனதாகக் கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. அதிலிருந்து பேச்சு பழைய கதைக்குத் தாவியது.

"நம்ம ஊருலயும் ஒன்னு நடந்துச்சே. சட்டை தைக்கிற பேக்டரியில ஒரு பொம்பள, கூட வேலை செஞ்சவ புள்ளையத் தூக்கிட்டுப் போனாளே."

"ஆமா, பார்டர் தாண்டி சயாமுக்குக் கொண்டு போய் வித்துட்டாளாம்."

"விக்கல. எங்கயோ பலி குடுத்துட்டதா இல்ல சொன்னாங்க?"

இந்தக் கதை எனக்குத் தெரியும். தொடக்கப்பள்ளியில் சண்டை வந்தால் என்னைத் 'திருட்டுப்புள்ள' என்பார்கள். ஆனால் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் குறுக்கிட்டார். "ரெண்டும் இல்ல. புள்ளைக்குக் காய்ச்சல்னு அந்தம்மாவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்து மாட்டிக்கிச்சு. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்து இப்ப லூமுட்லதான் இருக்கு. ஜெட்டிக்குப் போற வழியில வாழைப்பழம் பொரிச்சு விக்குது. என் மச்சான் கடைக்கு எதுத்தாப்புல."

அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

"அந்தப் புள்ள நாந்தாண்ணே."

மூவரும் திரும்பினார்கள். பலி என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார். சயாம் என்றவர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்து, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "அப்ப உன்ன விக்கலியாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேனில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

அன்று மதியம் அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை. அதற்கு மேலாகவே பேசினார்.

அப்பா இன்னும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா மட்டும் தினமும் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தார். போகிற வழியில், பிள்ளை பார்க்கும் ஓர் அக்காவின் வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போவார். பக்கத்து மெஷினில் இருந்தவர்தான் அந்தப் பெண். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

"அவளுக்குப் புள்ள பொறந்து தங்கல," என்றார் அம்மா. "சீக்கிரமே வேலைக்கு வந்துட்டா. பால் கட்டிக்கிட்டு சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கும். நாந்தான் துண்டக் குடுத்து மூடிக்கச் சொல்லுவேன். எனக்குத்தான் ஓவர்டைம் செஞ்சு செஞ்சு பால் வத்திப் போச்சு."

ஒருநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. பிள்ளை பார்க்கும் அக்காவிடம் போய், "அவதான் தூக்கிட்டு வரச் சொன்னா" என்றிருக்கிறார். அக்காவுக்கு அவரைத் தெரியும் என்பதால் என்னைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் அண்ணன் லூமுட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். அங்கே கொண்டுபோய், தத்தெடுத்த பிள்ளை என்று சொல்லி வைத்துக்கொண்டிருந்தார். சில மாதங்களில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும், மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. போயிருக்கிறார். பிறப்புச் சூரா என்கிற சான்றிதழ் எங்கே என்று கேட்டபோது அழுதுவிட்டாராம். ஓடவில்லை.

"உன்னத் திரும்பக் குடுத்தப்ப நல்லா கொழுகொழுன்னு இருந்த," என்றார் அம்மா. "கண்ணுக்கு மை, இடுப்புல கறுப்புக் கயிறு. தொடையில இருந்த புண்ணெல்லாம் ஆறிப் போயிருந்துச்சு. நான் தூக்குனா மூஞ்சத் திருப்பிக்கிட்ட. அவளத் தேடி அழுத. பெத்தவ மடியில படுத்துக்கிட்டு இன்னொருத்தியத் தேடி அழுத. திருடுனதக் கூட விட்டுருப்பேன்டி. அதத்தான் என்னால விட முடியல."

இத்தனை வருடமும் அம்மா என்னை அளவுக்கு மீறி அணைத்ததும், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒருமுறைகூட அனுப்பாததும், கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலேயே வீடு பார்க்கச் சொன்னதும் எதனால் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விளம்பரம் முடியும்வரை பிடித்திருக்கவிட்டு, பிறகு உருவிக்கொண்டார்.

நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பள்ளி விடுமுறை நாளில் வேனை எடுத்தபோது, அம்மா சேலை கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் எறங்க மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்."

சித்தியவானைத் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிந்தது. கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பெரிய குடை, ஒரு குவாலிச் சட்டி, கேஸ் அடுப்பு. அதன் பின்னால் எழுபதைத் தாண்டிய ஒரு மெலிந்த அம்மா, வருகிறவர்களிடம் மலாயில் பேசி, சிரித்து, பழத்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். என்ன சொல்வதென்று நான் எதையும் யோசித்து வரவில்லை. என் முறை வந்தபோது, "ஈப்போவுல இருந்து வாரோம்" என்றேன்.

சொல்லிவிட்டு என்னையறியாமல் வேனைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வேன் பக்கத்திலேயே நின்றது, முன்சீட்டில் அம்மா. அவர் அடையாளம் கண்டது என்னை அல்ல, அம்மாவைத்தான். கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார். பிறகுதான் மெதுவாக என் முகத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"வலிப்பு அதுக்கப்புறம் வந்துச்சா?"

"என்ன வலிப்பு?"

"காய்ச்சல்ல வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஆஸ்பத்திரியில என் கையில இருந்து வாங்கிட்டாங்க. புள்ள நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க, மறுபடி இழுத்துச்சான்னு யாரும் சொல்லல."

"வரலம்மா. ஒருதடவை கூட வரல."

அவர் குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். நடுவில் எண்ணெய் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது வேன் கதவு திறந்தது. அம்மா இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோபமாக நடந்து வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நடுவில் போய் நின்றேன்.

"ஒண்ணுக்கு வருதுடி," என்றார் என்னிடம். "இங்க எங்க போறது?"

அந்த அம்மா, "வூடு பின்னாலதான். வாங்க," என்றார். படியில் பாசி இருந்தது. கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வர வெகுநேரம் ஆனது. அதற்குள் ஒரு குடும்பமே பழம் வாங்க வந்துவிட்டது. நானே அடுப்பைப் பற்றவைத்து, மாவில் தோய்த்து, பாதியைக் கருக்கி, மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தேன். இருவரும் வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அந்த அம்மா குவாலியைப் பார்த்து, "ஐயோ, தீய இவ்வளவு வைக்கக் கூடாதுலா" என்றார்.

வீடு திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருந்தோம். அம்மா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் புள்ளைய நீ என்ன பேரு சொல்லிக் கூப்புட்டன்னு கேட்டேன். நீங்க வச்ச பேருதான், வேற பேரு வைக்க மனசு வரலன்னா."

பையிலிருந்த பழத்தில் கருகாத ஒன்றைப் பொறுக்கி எடுத்து எனக்குக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து, நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்த எண்ணுக்கு அந்த அம்மாவின் அண்ணன் மகள் கூப்பிட்டாள். அத்தைக்குக் கண்ணில் புரை, ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன், அக்கம்பக்கத்தில் தங்க மலிவாக இடம் கிடைக்குமா என்றாள். அப்போது அம்மா வீட்டில் இருந்த நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"எதுக்கு வெளிய தங்கணும்? இங்க வரச் சொல்லு," என்றார் அம்மா. உடனே, "நான் ஒன்னும் அவள மன்னிக்கல, ஞாபகம் வச்சுக்க," என்றும் சொன்னார்.

அந்த அம்மா வந்தார். அம்மாவின் அறையிலேயே தங்கினார். யாரது என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, "பேக்டரியில கூட வேலை செஞ்சவ" என்றார் அம்மா. அதில் பொய் எதுவும் இல்லை. சொட்டு மருந்து விடும் பொறுப்பை அம்மா என்னிடம் விடவில்லை. ஒருநாள் கதவருகே நின்று பார்த்தேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தார். அம்மா ஒரு கையால் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டினார்.

"அசையாத. கண்ண மூடாத. மூடாதன்னு சொல்றேன்ல."

"கூசுது."

"கூசும். மேல பாரு."