முதல்ல தப்பு பண்ணட்டும்

கம்ப்யூட்டரைப் போட்டதும் முனிலட்சுமி கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர் என்ன கோளாறு என்று சொல்லத் தொடங்கினால், "இருங்கண்ணா, நீங்க சொல்ல வேணாம். முதல்ல அது தப்பு பண்ணட்டும்" என்கிறார். திரை கறுத்து, எழுத்துகள் ஓடி, நின்று, மறுபடி கறுக்கும்வரை தொடுவதில்லை. கோளாறு வெளியே வந்ததும் முதலாளி எங்கே இருந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை தொடங்கும்.

"சரி பண்ணிட்டுச் சொன்னா எவன் நம்புவான்? ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் பல் வலி நின்னுடுது பாருங்க, அந்த மாதிரி. ஒண்ணும் கெடல, இந்தம்மா சும்மா வந்து தட்டிட்டுப் போச்சும்பான்."

மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேக்கரிக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே, ஷட்டர் பாதிவரை மட்டுமே ஏறும் கடை அவருடையது. குனிந்துதான் நுழைய வேண்டும். அதற்கு முன் சிப்காட் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அங்கே கற்ற சாலிடரிங்கையும், கழிவில் போட்டிருந்த ஒரு பூதக்கண்ணாடி விளக்கையும் கொண்டு கடை வைத்தார்.

வெளி வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டரில் சொந்தக் கீபோர்டு வரும். "மத்தவங்க கீபோர்டுல மேல் வரிசை அமுங்காதுண்ணா. எல்லாம் டீ குடிச்சிருக்கும்." பென்டிரைவ் வளையலில் மாட்டிய ஊக்கில் தொங்கும். வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். திரையில் நேரம் தெரிந்தவுடன் கை தானாகத் திரும்பும். இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்வார். பெங்களூரில் பாகம் விற்பவர்களோடு பேரம் கன்னடத்தில். வாடிக்கையாளரிடம் தமிழ். கம்ப்யூட்டரைத் திட்டுவது வீட்டுப் பேச்சான தெலுங்கில். "ஏமிரா நீக்கு?", உனக்கு என்னடா என்று அவர் கேட்டால் அது பக்கத்தில் நிற்பவரை அல்ல.

இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டர்தான். மெஷினுக்கான புரோகிராம் லினக்ஸில் ஓடும். பில் விண்டோஸில். போட்டதும் எதற்குள் போக வேண்டும் என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். முனிலட்சுமிக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தத் திரையைப் பற்றியவை. "ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். சண்டை வராம இருக்குமா?"

போன மார்கழியில் கெலமங்கலத்துக்கு அருகே சென்னப்பனின் ரோஜாத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பிறகு கறுப்புத் திரை வரவில்லை. லினக்ஸுக்குள் போக முடியவில்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் மேலே தொங்கும் ஃபாகர் குழாய்கள் உச்சி வெயிலில் பனிபோலத் தண்ணீர் தூவிச் செடிகளைக் குளிரவைக்கும். அதற்கு மணி சொல்லும் டைமர் பெட்டியின் புரோகிராம் லினக்ஸில்தான் இருந்தது.

கறுப்புத் திரையை மீட்பது பெரிய வேலையாக இல்லை. எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசையை விண்டோஸ் மாற்றி வைத்திருந்தது. அதைத் திருப்பி வைத்து லினக்ஸுக்குள் போனார். மணிக்கட்டு திரும்பியது. வாட்ச்சில் காலை பத்தரை. திரையில் மாலை நான்கு.

கடிகாரத்தின் செல் போய்விட்டது என்றார். கம்ப்யூட்டரைத் திறந்து பொத்தான் செல்லை மாற்றினார். உள்ளே நேரத்தைப் பத்தே முக்கால் என்று வைத்தார். லினக்ஸ் நாலே கால் என்றது. "ஏமிரா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே சென்னப்பன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"நாளையோட நின்னுக்க மாதேஸ்வரி. அவ்ளோதான்."

"நான் தொடவே இல்லண்ணா. காலையில பூ வெட்ட உள்ள போனா அது தானா ஊத்துது."

"பனி பேயற நேரத்துல ஃபாகர் போட்டா மொட்டு பூஞ்சை புடிக்கும்னு உனக்குத் தெரியாது? பெங்களூர்ல பெட்டி பெட்டியாத் திருப்பிட்டான். சுவிட்ச்சுகிட்ட நீ நின்னத நானே பாத்தன்."

"அது மத்தியானம்ணா. மத்தியானம் ஓடவே இல்ல. செடி வாடுதேன்னு போட்டன்."

"ஓடலயா? வந்து பாரு. பன்னெண்டுக்கு ஓடுச்சுன்னு டைமர் பெட்டியில தினமும் பதிவாயிருக்குது. அது பொய் சொல்லுது, நீ நெசம் சொல்றியா?"

மாதேஸ்வரி பக்கத்து ஊர்க்காரர். தோட்டத்துக்கு முதலில் வந்து சேர்கிற ஆள். அந்த நேரத்தில் பாலிஹவுஸுக்குள் வேறு யாரும் இருப்பதில்லை. அதனால் சாட்சியும் இல்லை.

முனிலட்சுமி வாயிலிருந்த திருப்புளியை எடுத்தார். கணக்கு எழுதும் ரேவதி எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, விண்டோஸ்ல டைம் சரியா வருதா?"

"இப்ப வருதுக்கா. முன்னாடிதான் ரோதனை. தினமும் காலையில தப்பா இருக்கும். நான்தான் மாத்தி வெப்பன். ரோடு போடறவங்க நெட் ஒயர அறுத்தாங்களே, அதுலருந்து அது ஒண்ணுதான் சரியா வருது. பில்லுக்கு மட்டும் என் போன்லருந்து நெட் குடுத்துக்கறன்."

"மொட்டுல புள்ளி எப்பலருந்து?"

ரேவதி யோசித்தாள். "அதுக்கப்புறந்தான்."

முனிலட்சுமி சென்னப்பனை உள்ளே கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரே கடிகாரம்தாண்ணா. விண்டோஸ் அத நம்மூர் டைம்னு படிக்குது. லினக்ஸ் அதயே லண்டன் டைம்னு நெனச்சு அஞ்சரை மணி கூட்டிக்குது. நெட் இருந்தவரைக்கும் லினக்ஸ் நெட்டக் கேட்டுத் திருத்திக்கிச்சு, உள்ள கடிகாரத்தயும் லண்டனுக்கு மாத்திச்சு, அதான் விண்டோஸ் தப்பாக் காட்டுச்சு. இப்ப கேக்க ஆளில்ல. அந்தத் தப்பு டைமத்தான் உங்க டைமர் பெட்டிக்கும் குடுக்குது. பெட்டிக்குப் பன்னெண்டுன்னா நமக்குக் காலையில ஆறரை."

சென்னப்பன் திரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "என்னமோ சொல்ற. சரி பண்ணிட்டுப் போ. அந்தம்மா கதை வேற."

அதைச் சரி பண்ணும் கட்டளை இரண்டே வரி. முனிலட்சுமி அடிக்கவில்லை. கீபோர்டைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"இன்னிக்குப் பண்ண மாட்டன்."

"ஏம்மா, இன்னொரு நாள் நனைஞ்சா மொத்தமும் போயிடும்!"

"ஒரு வரிசைய விட்டுட்டு மத்த வால்வெல்லாம் அடைச்சுடுங்க. சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு சாவிய நீங்களே வெச்சுக்கங்க. காலையில வரன். அது முதல்ல தப்பு பண்ணட்டும்."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா உங்க இஷ்டம். நான் இந்தப் பக்கம் வரல."

மறுநாள் காலை கெலமங்கலம் சாலையில் எதிரே வரும் லாரி தெரியாத அளவு பனி. முனிலட்சுமி ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். சென்னப்பன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றார். பூட்டை அவரே வாங்கி வந்து அவரே பூட்டியிருந்தார். மாதேஸ்வரி பாலிஹவுஸ் வாசலுக்கு வெளியே நின்றார். இரண்டு கைகளும் சால்வைக்குள் இருந்தன. யாரும் அவரை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

ஆறரை ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியா" என்றார் சென்னப்பன். முனிலட்சுமி வாட்ச்சைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக, அவருடைய கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

மோட்டார் உறுமியது. திறந்து விட்டிருந்த வரிசைக்கு மேலே குழாய் சீறி, வெள்ளையாகத் தூவத் தொடங்கியது. சென்னப்பனின் துண்டிலும் மீசையிலும் துளிகள் படிந்தன. அவர் நகரவில்லை. பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அது பூட்டியே இருந்தது.

"இதத்தானண்ணா நான் சொன்னன்" என்றார் மாதேஸ்வரி. கைகள் இன்னும் சால்வைக்குள்ளேயே இருந்தன.

சென்னப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. போய்ச் சரி பண்ணு."

முனிலட்சுமி அவரிடம் போய்க் கையை நீட்டினார். சென்னப்பன் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். முனிலட்சுமி தலையசைத்து, மோவாயால் பூட்டைக் காட்டினார். சென்னப்பன் நோட்டைத் திரும்ப வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முனிலட்சுமி சுவிட்ச் பெட்டியைத் திறக்கவில்லை. வாசலுக்குத் திரும்பி நடந்து, சால்வைக்குள்ளிருந்து மாதேஸ்வரியின் வலது கையை வெளியே எடுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார். பிறகு கீபோர்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனார்.